சாவி தொலைந்த பிறகு: கிரிப்டோ வாலட்டின் மீட்பு முறையும் அணுகல்தன்மையும்

கிரிப்டோ வாலட்டை எல்லோருக்கும் உகந்ததாக்குவது பற்றிய பேச்சு பெரும்பாலும் திரையோடு நின்றுவிடுகிறது: பெரிய பொத்தான், தெளிவான நிறம், பல மொழி மெனு. இவை வேண்டியவைதான். ஆனால் பயனர் நிரந்தரமாக வெளியேற்றப்படுவது கைபேசி தொலைந்து, கணக்கை மீட்க முயலும்போது. அணுகல்தன்மையை அங்கிருந்துதான் அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மீட்புக்கு, 2013இல் முன்மொழியப்பட்ட பிஐபி-39 என்ற தரத்தையே இன்றும் பல வாலட்டுகள் பின்பற்றுகின்றன. 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பொதுவாக 12 அல்லது 24 சொற்களை வாலட் எடுத்துத் தருகிறது. அந்த வரிசைதான் கணக்கின் சாவி; அதை எழுதிவைத்த தாள் கையில் இருப்பவருக்கே பணம் சொந்தம். பிசகினால் முறையிட மேலாளர் கிடையாது. இத்தரத்தோடு வரும் பத்துப் பட்டியல்களில் ஜப்பானியம், கொரியம், செக் எல்லாம் உண்டு. இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. போதாக்குறைக்கு, பெரும்பாலான வாலட்டுகள் ஆங்கிலப் பட்டியலை மட்டுமே ஏற்பதால் பிற மொழிப் பட்டியல்களைத் தவிர்க்கும்படி அதே ஆவணம் அழுத்தமாகச் சொல்கிறது.

தமிழ்ப் பட்டியல் ஒன்றைச் சேர்த்துவிட்டால் தீருமா? 'பௌர்ணமி' என்ற சொல்லைப் பாருங்கள். முதல் எழுத்தை ஔகாரக் குறியோடும் தட்டலாம். ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டும் தட்டலாம். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு குறியீட்டு வரிசைகள். பிஐபி-39 கோரும் யூனிகோடு சீராக்கம் ஒகர, ஓகாரக் குறிகளைச் சரிசெய்துவிடும். இந்த ளகரத்தை ஒன்றும் செய்யாது. பட்டியலோடு ஒப்பிடும் வாலட் சொல்லே தவறு என்று மறுக்கும். ஒப்பிடாத வாலட் வேறொரு வெறுங்கணக்கைத் திறந்து காட்டும். பயனரோ பணம் களவு போனதென்று நினைப்பார். ஆகவே மொழிபெயர்ப்பு போதாது. ஔகாரத்தையும், துணைக்காலும் ரகரமும் மயங்கும் சொற்களையும், ல-ள-ழ வேறுபாட்டால் மட்டுமே பிரியும் இணைகளையும் விலக்கித் தமிழறிந்தவர்கள் பட்டியலைப் புதிதாகத் தொகுக்க வேண்டும்.

பார்வையற்றோருக்குச் சிக்கல் வேறு வகை. சொற்களைப் படமாகக் காட்டினால் திரைவாசிப்பான் ஊமையாகிவிடும்; எழுத்தாகக் காட்டினால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்கும் கேட்கும்படி படித்துவிடும்.

சாவியை நிறுவனமே வைத்துக்கொண்டால் இத்தொல்லை இல்லை என்பார்கள். எல் சால்வடோர் அதைத்தான் செய்தது. 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கி, 'சிவோ' என்ற அரசு வாலட்டையும் 30 டாலர் ஊக்கத்தொகையையும் தந்தது. பொருளியலாளர்கள் அல்வாரெஸ், அர்ஜென்டே, வான் பேட்டன் ஆகியோர் 1,800 குடும்பங்களிடம் நேரில் நடத்திய ஆய்வில், ஊக்கத்தொகை தீர்ந்ததும் பெரும்பாலோர் வாலட்டைக் கைவிட்டது தெரிந்தது. எஞ்சியவர்களில் வங்கிக் கணக்குள்ள, படித்த, இளவயது ஆண்களே மிகுதி. யாரைச் சேர்ப்பதாகச் சொன்னார்களோ அவர்கள் சேரவில்லை.

இடைவழியாக, 2021இல் கிரிப்டோ நிரலாளர் விட்டாலிக் புட்டரின் வலியுறுத்திய சமூக மீட்பு முறை எனக்கு ஏற்புடையது. பயனர் குறிக்கும் காப்பாளர்களில் பெரும்பான்மையோர் ஒப்பினால் புதிய கைபேசிக்குக் கணக்கு மாறும். ஆனால் காப்பாளர் எல்லோரும் ஒரே வீட்டு ஆண்களானால், மனைவியின் சேமிப்பைக் கணவன் கைப்பற்ற அவர்களில் பெரும்பான்மையோர் கூடினால் போதும்! மகளிர் சுய உதவிக் குழுவின் வங்கிக் கணக்கை ஒருவர் தனியே இயக்க முடியாது. கையெழுத்திடுவோர் பொதுவாக வெவ்வேறு வீட்டார். காப்பாளர் தேர்விலும் அந்த ஏற்பாடு வேண்டும். மீட்புக் கோரிக்கை எழுந்ததும் கணக்குடையவருக்குத் தெரிவித்து, அவர் மறுக்கச் சில நாள் அவகாசமும் தர வேண்டும். காத்திருப்பு எரிச்சலூட்டும்தான், இந்த ஓரிடத்தில் வேகத்தை விட்டுக்கொடுப்பதே சரி.

வாலட்டைச் சோதிப்பவர்கள் கணக்குத் தொடங்க எத்தனை நிமிடம் ஆனது என்று கணக்கெடுப்பதோடு நிற்காமல், பார்வையற்ற ஒருவரிடமும் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவரிடமும் புதுக் கைபேசியைக் கொடுத்து, பழைய கணக்கைத் திறக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.