அப்பாச்சி வலை வழங்கியின் தோற்றம்

உலாவி கேட்கும் பக்கத்தை எடுத்து அனுப்பும் மென்பொருளே வலை வழங்கி. அது இயங்கும் கணினிக்கும் அதே பெயர்தான். பேச்சுவழக்கில் இரண்டையும் சர்வர் என்கிறோம்.

முதல் வலை வழங்கியை 1990ஆம் ஆண்டின் இறுதியில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதினார். ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வகத்தில், நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணினி ஒன்றில் அது இயங்கியது. யாரேனும் தெரியாமல் அந்தக் கணினியை அணைத்தால் உலகில் இருந்த ஒரே வலைத்தளமும் நின்றுவிடும். ஆகவே, அணைக்க வேண்டாம் எனச் சிவப்பு மையில் எழுதிய சீட்டு அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் தன் வலை மென்பொருளைப் பொதுவுடைமையாக்கியது.

அதே ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. கணினி மையத்தில் ராபர்ட் மெக்கூல் மற்றொரு வழங்கியை எழுதினார். புகழ்பெற்ற மொசைக் உலாவி பிறந்த இடமும் அதுவே. சி.ஜி.ஐ. என்னும் முறை இந்த வழங்கியோடுதான் வந்தது. எழுதி வைத்த பக்கத்தை அப்படியே தருவதோடு நில்லாமல், வேறொரு நிரலை இயக்கி அதன் விடையையும் வழங்கியால் அனுப்ப முடிந்தது. பதிவெண்ணை இட்டதும் தேர்வு முடிவு திரையில் வருகிறதே, அத்தகைய பயன்பாடுகளுக்கு இதுவே தொடக்கம்.

1994ஆம் ஆண்டின் நடுவில் மெக்கூல் அங்கிருந்து விலகி நெட்ஸ்கேப் நிறுவனத்தில் சேர்ந்தார். இலவச வழங்கியை எழுதியவர், விலைக்கு விற்கும் வழங்கியை எழுதப் போனார். அவர் விட்டுச் சென்ற மென்பொருள் வளராமல் நின்றது. அதை நம்பித் தளம் நடத்தியவர்களோ பலர். பிழைகள் இருந்தன, திருத்தித் தர ஆள் இல்லை. ஆனால் மூல நிரல் எல்லோர் கையிலும் இருந்தது. அதனால் தள நிர்வாகிகள் அவரவர் இடத்தில் தாங்களே திருத்திக்கொண்டனர். ஒருவர் சரிசெய்த பிழையை, அதை அறியாமல் இன்னொருவரும் உட்கார்ந்து சரிசெய்யும் நிலை.

இந்த வீண் உழைப்பைத் தவிர்க்க, 1995 பிப்ரவரியில் பிரையன் பெலண்டார்ஃப், ராய் ஃபீல்டிங் உள்ளிட்ட எட்டுப் பேர் மின்னஞ்சல் வழியே ஒன்றுகூடினர். என்.சி.எஸ்.ஏ. வழங்கியின் 1.3 பதிப்பை அடிப்படையாக வைத்து, அதுவரை கிடைத்த திருத்தங்களைச் சேர்த்து, ஏப்ரலில் 0.6.2 என்ற பதிப்பை வெளியிட்டனர். ஒட்டுப்போட்ட வழங்கி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் ஒலியால் அப்பாச்சி என்ற பெயர் வந்தது என்பார்கள். அமெரிக்கப் பழங்குடியினர்மீது கொண்ட மதிப்பால் வைத்த பெயர் என்று பெலண்டார்ஃப் கூறியுள்ளார்.

பழைய நிரலின்மேல் எவ்வளவு காலம் ஒட்டுப்போட முடியும்? குழுவைச் சேர்ந்த ராபர்ட் தாவ் புதிய கட்டமைப்பு ஒன்றை வடிவமைத்தார். வேண்டிய வசதிகளைத் தனித்தனிக் கூறுகளாக எழுதி இணைத்துக்கொள்ள அது இடமளித்தது. அதன்மேல் எழுந்த 1.0 பதிப்பு 1995 டிசம்பர் 1 அன்று வெளியாயிற்று. ஓராண்டுக்குள், நெட்கிராஃப்ட் கணக்கெடுப்பின்படி, என்.சி.எஸ்.ஏ. வழங்கியை முந்தி அப்பாச்சி முதலிடம் பிடித்தது.

1999இல் இக்குழு அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையாகப் பதிவுபெற்றது. வழக்கு என்று வந்தால், சம்பளமின்றி உழைத்த தன்னார்வலர்கள் தனித்தனியே சிக்காமல் இருக்க அது தேவைப்பட்டது.