கடற்கரையில் பாணன் பெற்ற விருந்து

அயல்நாட்டு நண்பனைக் கண்டு திரும்பியவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் இரண்டு செய்திகள் தவறாமல் இடம்பெறும். ஒன்று அவ்வூர் மக்கள் மாலையில் கூடும் மதுக்கூடம், மற்றொன்று அவ்வூருக்கே உரிய உணவு. இவ்வகை எழுத்து மேலை நாட்டாரிடமிருந்து நமக்கு வந்தது என்று நினைப்போர் உண்டு. பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படைகளைப் படித்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு பாணனிடம், இன்ன வழியே போ, இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும், இன்னார் கள் தருவார் என்று சொல்வதே அப்பாட்டுகளின் அமைப்பு. அவற்றுள் இரண்டு பாட்டுகளின் வழிகள் இன்றைய செங்கல்பட்டுக் கடற்கரையையும் அதன் அண்டைப் பகுதிகளையும் தொட்டுச் செல்கின்றன.

முதலாவது சிறுபாணாற்றுப்படை. 269 அடிகள் கொண்டது. பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்ற பெயர் இன்னும் அழியவில்லை. 2019இல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தின் செய்யூர் வட்டத்தில், கழிக்கும் கடலுக்கும் இடையே, அப்பெயருடன் ஒரு பேரூராட்சி இருக்கிறது. இரண்டாவது பெரும்பாணாற்றுப்படை, 500 அடிகள். காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. இதில் காஞ்சிக்கு முன்னால் வரும் துறைமுகம் நீர்ப்பெயற்று. அது மாமல்லபுரமே என்பார் உண்டு. பாலாறு கடலில் கலக்கும் இடத்தை அடுத்துள்ள வசவசமுத்திரப் பகுதி என்பாரும் உண்டு. கடலைக் குறிக்கும் சொல் ஊர்ப்பெயரிலேயே இருப்பதால் இரண்டாவது கருத்து எனக்குச் சற்றுக் கவர்ச்சியாகத் தோன்றுகிறது. ஆயினும் பெயரொற்றுமை ஒன்றே சான்றாகிவிடாது.

சிறுபாணனின் பயணம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை முதலில் நோக்கவேண்டும். அவன் வீட்டு அடுக்களை பாழ்பட்டுக் கிடக்கிறது. அங்கே அண்மையில் ஈன்ற நாய், கண் திறவாத தன் குட்டிகளுக்குப் பால் கொடுக்க இயலாமல் குரைக்கிறது. பாணனின் மனைவி குப்பைக் கீரையைக் கிள்ளி உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துப் பழிப்பார்கள் என்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். சங்க இலக்கியத்தில் பசியைச் சொல்லும் இடங்கள் பல. நாணத்தால் அடைக்கப்பட்ட இந்தக் கதவுக்கு இணையாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பின்னே வரும் விருந்துகளை எல்லாம் இந்தக் கதவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கவேண்டும்.

அவன் அடையும் முதல் பெரிய ஊர் எயிற்பட்டினம். இது இன்றைய விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கிரேக்க மாலுமியின் குறிப்பேடான பெரிப்ளூஸ் சொல்லும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்பர். அங்கே அலைகள் மணமுள்ள மரங்களைக் கரையில் ஒதுக்குகின்றன. அவை படுத்துறங்கும் ஒட்டகங்களைப் போல் கிடக்கின்றன. அம்மரங்களை உரை அகில் என்கிறது. அகில் இக்கடற்கரையில் விளையும் மரம் அன்று. தொலைவிலிருந்து கடல் வழியே வந்த பொருள் அடுப்பெரிக்கும் விறகாகிறது. புலவரின் மிகைக்கு ஓரளவு கழித்துக்கொண்டாலும், மிஞ்சுவது ஒரு துறைமுகத்தின் உண்மைச் சித்திரம். அந்த நெருப்பில் ஆக்கி, நுளையர் பெண் வடித்துத் தந்த பழைய தேறலைப் பரதவர் பாணனுக்கு ஊட்டுகிறார்கள். தொடுகறி, உலரச் சுட்ட குழல் மீன். இது ஒரு வீட்டில் மட்டுமன்று, இடந்தோறும் கிடைக்கும் என்கிறார் புலவர். அடுத்து வேலூரில் எயினர் தரும் புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும், ஆமூரில் உழவர் தரும் வெண்சோறும் நண்டுக் கலவையும். (இந்த வேலூரை வடக்கே கோட்டையுள்ள வேலூரோடு குழப்பிக்கொள்ளலாகாது.)

பெரும்பாணாற்றுப்படையில் இலை இன்னும் விரிகிறது. எயினர் குடியில் எறும்புப் புற்றைத் தோண்டி எடுத்த புல்லரிசியும் உப்புக்கண்டமும் தேக்கிலையில் வருகின்றன. ஆயர் குடியில் பாலும் தினைச்சோறும். முல்லை நிலத்தில் வரகுச்சோற்றோடு அவரைப் பருப்பு. மருதத்தில் வெண்ணெல் சோறும் வீட்டுக்கோழிப் பொரியலும். அந்தணர் இல்லத்தில் உயர்ந்த நெல்லின் சோறு, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்துப் பசு வெண்ணெயில் வேகவைத்த மாதுளங்காய், மாவடு ஊறுகாய். மாவடுவுக்கும் கறிவேப்பிலைக்கும் இவ்வளவு வயதா என்று வியப்பவர்கள், இதில் மிளகாய் எங்குமே இல்லை என்பதையும் கவனிக்கலாம். அது போர்த்துகீசியருக்குப் பின் வந்தது.

என்னை மிகவும் ஈர்ப்பது குளங்களில் மீன்பிடிக்கும் வலைஞர் குடியிருப்பில் வரும் பகுதி. அங்கே கள் கிடைக்கும் என்று மட்டும் சொல்லிப் புலவர் நகர்ந்துவிடவில்லை. அது செய்யப்படும் முறையையே ஏழெட்டு அடிகளில் சொல்கிறார். குற்றித் தீட்டாத அரிசியைக் கூழாகக் காய்ச்சவேண்டும். வாயகன்ற தட்டில் ஊற்றி ஆறவிடவேண்டும். பிறகு நெல் முளையை இடித்து அதிலே கலக்கவேண்டும். அந்த முளையின் தோற்றம் புற்றாஞ்சோற்றைப் போல இருக்குமாம். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் அடைத்து முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்கவேண்டும். நடந்து தளர்ந்தவனுக்கு அதைச் சுட்ட மீனோடு தருவார்கள்.

இது பனங்கள் அன்று. பனங்கள் பாளையிலிருந்து இறங்கும் சாறு. அதில் சர்க்கரை இயல்பாகவே உண்டு, காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதிகள் சில மணி நேரத்தில் அதைப் புளிக்கச் செய்துவிடும். அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. நேரடியாக அது நொதிக்காது. தானியம் முளைவிடும்போது சுரக்கும் அமைலேஸ் என்னும் பொருள்தான் மாவைச் சர்க்கரையாக மாற்றுகிறது. ஐரோப்பியர் வாற்கோதுமையை முளைக்கவைத்து பீர் வடிப்பதும் இதே முறையில்தான். கூழை ஆறவைத்த பிறகே முளையைச் சேர்க்கவேண்டும் என்பதும் பொருளற்ற விவரம் அன்று, கொதிக்கும் கூழில் சேர்த்தால் அந்த ஆற்றல் அழிந்துபோகும். வலைஞர் வீட்டுப் பெண்களுக்கு அமைலேஸ் என்ற பெயர் தெரியாது, ஆனால் அதன் வேலை தெரிந்திருக்கிறது.

நீர்ப்பெயற்றுக்கு வந்தால் காட்சி மாறுகிறது. மேற்கிலிருந்து வெண்ணிறப் பிடரியுடைய குதிரைகளையும் வடக்கிலிருந்து பொருள்களையும் கொண்டுவந்த நாவாய்கள் துறையைச் சூழ்ந்திருக்கின்றன. ஏணி சாத்தி ஏறவேண்டிய உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய விளக்கு கப்பல்களை அழைக்கிறது. அவ்வூரில் கள் சமைக்கும் பெண்கள் கிண்ணம் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகிப் பன்றிகள் அதில் புரள்கின்றன. பாணனுக்கு அந்தப் பன்றிகள் அல்ல. பெண் பன்றியோடு சேரவிடாமல் பல நாள் குழியில் நிறுத்தி, நெல்மா ஊட்டிக் கொழுக்கவைத்த ஆண்பன்றியின் இறைச்சியே களிப்பு மிக்க கள்ளோடு வருகிறது. வசவசமுத்திரத்தில் 1969-70இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது ஆம்போரா என்னும் அயல்நாட்டுச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. மதுவும் எண்ணெயும் ஏற்றிவந்த சாடி வகை அது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் அருந்திய பாண்டியனைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியதும் நினைவுக்கு வரும். துறைமுகத்தில் அயல் மது இறங்கியிருக்கலாம், ஆனால் பாணனின் கிண்ணத்தில் விழுந்தது உள்ளூர்ப் பெண்கள் சமைத்தது.

வகுப்பில் இப்பகுதியை நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: “ஐயா, பாணன் இதுக்கெல்லாம் காசு கொடுத்தானா?” நல்ல கேள்வி. சங்க காலத்தில் கள் விலைக்கும் விற்கப்பட்டது. இதே உருத்திரங்கண்ணனார் பாடியதாக மரபு சொல்லும் பட்டினப்பாலையில், புகாரின் கள் விற்கும் வீட்டில் கொடி பறக்கிறது. முற்றத்தில் மீனும் இறைச்சியும் பொரியும் ஓசை கேட்கிறது. மணல் பரப்பி மலர் தூவியிருக்கிறார்கள். அது பலரும் நுழையும் வீடு என்கிறார் புலவர். ஆங்கிலேயரின் ‘பப்’ என்ற சொல் ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம், அதாவது பொது வீடு. இடைக்கால இங்கிலாந்திலும் பெண்களே வீட்டில் வடித்து, வாசலில் கழி நட்டு அடையாளம் காட்டி விற்றார்கள். ஆக, கடையும் நம்மிடம் இருந்தது. ஆனால் ஆற்றுப்படைப் பாணன் நடக்கும் வழியில் அந்தக் கடைக்கு இடமில்லை. அவனுக்குக் கிடைப்பதெல்லாம் விருந்து. அதுவும் அரசன் தந்ததன்று. அரண்மனையை அடைவதற்கு முன்பே, பெயர் தெரியாத எயினரும் ஆயரும் வலைஞரும் பரதவரும் தந்தது. கள்ளை வடித்தவளின் முகத்தையும் பார்வையையும் நத்தத்தனார் வர்ணிக்கிறார் என்பதை உரைகள் அழகுக்காக எடுத்துக்காட்டும். எனக்கு அது வேறு வகையில் முக்கியம். குடிப்பவன் வடித்தவளை அறிவான்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார், 93ஆவது. பிற்காலத்தவரின் கூச்சமும் சேர்ந்துகொள்ள, ஆற்றுப்படைகளின் இப்பகுதிகள் வகுப்பறைகளில் விரைவாகக் கடக்கப்படுகின்றன. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபோது இவற்றில் ஒரு சொல்லையும் மறைக்கவில்லை. நாம்தான் மறைக்கிறோம்.

சட்டத்தின் கதை தனி. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் எங்கும் பரவியது. 1971இல் விலக்கப்பட்டது. கள்ளுக்கடைகள் மூடி, 1981இல் மீண்டும் திறந்து, 1987 ஜனவரி முதல் மூடப்பட்டன. 2003இல் மதுவின் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனம் ஏற்றது. இன்று மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருவில் அயல்நாட்டுப் பயணிக்கு வறுத்த மீன் கிடைக்கும். விடுதி மதுக்கூடத்தில் எந்த நாட்டு மதுவும் கிடைக்கும். இவ்வூர்ப் பனையின் கள் கிடைக்காது.

2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊரிலும், செங்கல்பட்டு மாவட்டத்தின் சில ஊர்களிலும் சாராயம் குடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் இருந்தது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனால். எயிற்பட்டினமும் இடைக்கழிநாடும் இருந்த அதே நிலப்பரப்பு. கள்ளைத் திறந்துவிட்டால் இவையெல்லாம் நின்றுவிடும் என்று வாதிடுவது என் நோக்கமன்று, அவ்வளவு எளிதாக முடியும் வழக்கும் அன்று. ஆனால் செய்தித்தாளில் அவ்வூர்ப் பெயரைப் படித்த அன்று சிறுபாணாற்றுப்படையின் அப்பகுதியை எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எக்கியார்குப்பத்தார் குடித்ததை வடித்தவர் முகம் அவர்களுக்குத் தெரியாது.

உருத்திரங்கண்ணனார் சொன்ன முறைப்படி அரிசியும் முளையும் சேர்த்து வடிப்பதற்கு இன்று எந்த வீட்டுக்கும் அனுமதி இல்லை. அதைத் தடுக்கும் சட்டம் 1937ஆம் ஆண்டினது.