45-ஆம் எண் கார்

வட கரோலினாவின் லெவல் க்ராஸ் எனும் சிற்றூரில் வாழ்ந்த பெட்டி குடும்பத்துக்கு ஸ்டாக் கார் பந்தயமே குலத்தொழில். 1959-இல் முதல் டேடோனா 500 பந்தயத்தை வென்றவர் லீ பெட்டி. அவர் மகன் ரிச்சர்ட், நாஸ்கார் பந்தயங்களில் 200 வெற்றிகள் கண்டவர். பேரன் கைலுக்கு வாய்த்தவை எட்டே வெற்றிகள். ஆயினும் குடும்ப நிறுவனத்தின் தலைமை நிர்வாகப் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது.

2000 ஏப்ரலில் லீ மறைந்தார். அடுத்த மாதமே கைலின் மகன் ஆடம், பத்தொன்பது வயதில், நியூ ஹாம்ப்ஷயரில் பயிற்சியின்போது சுவரில் மோதி இறந்தார். நிர்வாகியின் நாற்காலியோடு கைல் நின்றிருக்கலாம். அவரோ மகனின் 45-ஆம் எண் காரில் ஏறி அமர்ந்தார். நோயுற்ற குழந்தைகளுக்கென மகன் கனவு கண்ட முகாமை 2004-இல் திறந்தார்.

2009-இல் நிறுவனம் வேறொன்றுடன் இணைந்தது. கோப்பைகளை மட்டும் எண்ணும் வரலாறு கைலை ஒரே வரியில் கடந்துவிடும். அந்த முகாமை எந்தக் கணக்கில் எழுதுவது?