பெயரும் முகமும்

சங்கப் பாடல்களைத் தொகுத்த சான்றோர்க்குச் சில பாடல்களை இயற்றியவர் பெயர் கிட்டவில்லை. அதனால் பாட்டில் ஒளிவிட்ட தொடரையே புலவர்க்குப் பெயராக்கினர். செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார், ஓரேருழவர் ஆகியோர் அங்ஙனம் பெயர் பெற்றவர்களே. பாட்டு முந்தியது, பெயர் அதன் பின்னே வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இம்முறை தலைகீழாயிற்று. கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். அவர்பாற் பற்றுக்கொண்ட இராசகோபாலன் சுப்புரத்தினதாசனாகி, அதனையும் சுருக்கிச் சுரதா ஆனார். சாகுல் அமீது, இன்குலாப் என்று தம்மை அறிவித்துக்கொண்டார். பெயர் பூணுதல் இவர்களுக்கு அணிகலன் பூணுதல் அன்று; எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று உரைப்பதாகும். பெயரைக் களைதலும் அத்தகையதே. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. நாளடைவில் தந்தையின் முதலெழுத்தும் தன் பெயருமே தமிழ்நாட்டில் பெருவழக்காயின. போடி மீனாட்சிபுரத்தில் பிறந்து 1971-இல் ‘கறுப்பு மலர்கள்’ தந்த நா. காமராசன் அந்த எளிய வடிவிலேயே புதுக்கவிதையுள் நுழைந்தார்.

2006-இல் ஃபேஸ்புக் எல்லார்க்கும் கதவு திறந்தது. அதன் படிவம் இரண்டு பெயர்களைக் கேட்டது. தலைப்பெழுத்துக்கு அங்கே இடமில்லை! தந்தையின் பெயரை இரண்டாம் கட்டத்தில் இட்டோர் பலர். துறந்த பட்டத்தை மீட்டுக் கொணர்ந்து அங்கே அமர்த்தினோரும் உளர். மேலை நாட்டார் தம் வழக்கிற்கென வகுத்த ஒரு வெற்றுக்கட்டம், ஒரு தலைமுறையின் உழைப்பைச் சோதித்துப் பார்த்தது என்பது மிகையன்று.

ஏலமலை அடிவாரத்துச் சிலமலை போன்ற ஊர்களுக்கு இதில் வேறொரு இடர் உண்டு. முன்பு கவியரங்கில் ஒரு முகம், தோட்டத்துக் கணக்கர் முன் ஒரு முகம், தாய்மாமன் முன் ஒரு முகம் எனக் கவிஞன் வாழ முடிந்தது. இன்று அம்மூவரும் ஒரே பக்கத்தை ஒரே வேளையில் படிக்கின்றனர். காதலைப் பாட விழையும் பெண் தன் படத்துக்கு மாறாக ஒரு பூவின் படத்தை வைக்கிறாள், பெயரையும் மாற்றிக்கொள்கிறாள். அதனைப் பொய்யென்று இகழ்வார்க்கு, அவள் பெயரோடு எழுதினால் வீட்டில் நேர்வது தெரியாது.

பெயரின் எடை முழுவதும் புலப்பட்டது 2015 சனவரியில். ‘மாதொருபாகன்’ புதினத்துக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி மூண்டது. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சில் பெருமாள்முருகன் மன்னிப்புக் கோரிக் கையொப்பமிட நேர்ந்தது. அதன்பின் அவர் தம் ஃபேஸ்புக் பக்கத்தில், எழுத்தாளனாகிய பெருமாள்முருகன் இறந்துவிட்டான், இனி ஆசிரியன் பெ. முருகன் மட்டுமே வாழ்வான் என்று அறிவித்தார். தன்னைத் தோற்றுவித்துக்கொள்வதற்கென்றே அமைந்த ஒரு தளத்தில் ஒருவர் தம்மையே அழித்துக்கொண்டார். எஞ்சியது, பதிவேட்டுக்குரிய தலைப்பெழுத்தும் பெயரும். எந்தத் தலைப்பெழுத்து ஒரு காலத்தில் விடுதலையின் அடையாளமாய் நின்றதோ, அதுவே இங்கே ஒளிவிடமாயிற்று.

2016 சூலை 5-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அவர் மீண்டும் எழுத வேண்டுமென்று தீர்ப்புரைத்தது. ஊர்விட்டு வாழ்ந்த அம்மௌன மாதங்களில் அவர் எழுதியவை கவிதைகளே. அவை அவ்வாண்டிலேயே ‘கோழையின் பாடல்கள்’ என நூலாயின. அட்டையில் அச்சிடப்பட்ட பெயர் பெருமாள்முருகன்.