கேட்ட கேள்வியும் கேட்க வந்த கேள்வியும்

பேச்சுவழக்கில் கேட்கப்படும் தேடலுக்கு, அதாவது கன்வர்சேஷனல் சர்ச்சுக்கு, எப்படி எழுதுவது என்று குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். போய் நின்ற இடம் 1876.

அந்த வருஷம் அக்டோபரில் அமெரிக்க நூலகர்கள் பிலடெல்பியாவில் கூடினார்கள். வூஸ்டர் நகரப் பொது நூலகத்தின் சாமுவேல் ஸ்வெட் கிரீன் அங்கே ஒரு கட்டுரை வைத்தார். கேட்டலாக் இருக்கு, பார்த்துக்கோங்கன்னு விட்டுட்டா போதாது. கூச்சப்படுகிற வாசகரிடமும் பேச்சுக் கொடுத்து, அவருக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுக்கணும் என்பதுதான் அதன் சாரம். ரெஃபரன்ஸ் சர்வீஸின் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளிலும் வாசகர்தான் நடுவில் நிற்கிறார்.

எனக்கு முக்கியமாகப் படுவது ராபர்ட் டெய்லர் 1968-ல் எழுதிய கட்டுரை. தேவை நாலு படி இறங்கி வருகிறது என்றார். முதலில் வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஒரு குறை. பிறகு மனசுக்குள் மங்கலாக ஓர் உருவம். அப்புறம் தெளிவான கேள்வி. கடைசியில், நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று நாமே ஊகித்து வளைத்துக்கொண்ட கேள்வி. நூலகரின் காதில் விழுவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்விதான்.

நானாக ஓர் உதாரணம் சொல்றேன். அப்பாவுக்குச் சர்க்கரைன்னு டாக்டர் நேத்துதான் சொன்னார். மகள் நூலகத்துக்கு வந்து, "சர்க்கரை நோய் புத்தகம் இருக்கா?" என்கிறாள். அவளுக்குத் தெரிய வேண்டியது, இன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு என்ன சமைக்கிறது. நல்ல நூலகர் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பார்: "யாருக்கும்மா?"

இயந்திரம் இந்தப் பக்கம் மெதுவாகத்தான் வந்தது. 2019-ல் கூகுள் தன் தேடலில் பெர்ட்டை அறிமுகப்படுத்தியபோது காட்டிய உதாரணமே சாட்சி. அமெரிக்காவுக்குப் போகும் பிரேசில்காரருக்கு விசா வேண்டுமா என்பது கேள்வி. அதுவரை பிரேசிலுக்குப் போகும் அமெரிக்கர்களுக்கான பக்கம் மேலே வந்துகொண்டிருந்ததாம். (தமிழில் அந்த 'உக்கு' எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தாலே திசை தெரிந்துவிடும்.) சொல்லில் இருக்கும் சூழல் அதோடு ஓரளவு பிடிபட்டது. சொல்லாமல் விட்ட அப்பா பிடிபடவில்லை. அவரை எழுதுகிறவர்தான் ஊகிக்க வேண்டும்.

இதை முடித்துவிட்டு, சர்க்கரை நோய் பற்றி நான் எப்போதோ எழுதிய கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். கணையத்தில் ஆரம்பிக்கிறது. சாப்பாடு பதினோராவது பத்தியில் வருகிறது.