பெரட்டும் பறவையும்: சிரம்பான் வட்டாரத்தில் கூட்டுப் பறவை நோக்கல் வளர்ந்த வரலாறு

பால்மரம் வெட்டுவதற்கும் பறவை பார்ப்பதற்கும் ஏற்ற பொழுது ஒன்றே. இரவில் நீர் ஏறிய மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் விடியலை ஒட்டித்தான் மிகுதியாக இருக்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் தளர்ந்துவிடும். காட்டுப் பறவைகள் கூவி இரை தேடுவதும் இதே நேரத்தில்தான். இருட்டோடு பெரட்டு என்னும் ஆள்கணக்குக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுத் தமக்குரிய மர நிரைக்குப் போன தோட்டத் தமிழர், பறவைகளின் நடுவே ஒவ்வொரு நாளையும் தொடங்கினார்கள். ஆனால் அந்தப் பொழுது அவர்களுடையதாக இருக்கவில்லை. நெகிரி செம்பிலானில் பறவை நோக்கல் வளர்ந்த வரலாற்றை, விடியற்காலை யார் கையில் இருந்தது என்ற கேள்வியோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் பறவையியல் துப்பாக்கியோடு நடந்தது. சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, அருங்காட்சியகப் பெட்டியில் வைத்த பிறகே ஒரு பறவை பதிவானதாகக் கருதப்பட்டது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ராபின்சனும், சிங்கப்பூர் ராபிள்ஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சேசனும் எழுதி 1927 முதல் 1939 வரை நான்கு தொகுதிகளாக வந்த மலாய்த் தீபகற்பப் பறவைகள் நூல் அந்தக் காலத்தின் பெருஞ்சாதனை. பின்னால் வந்த எல்லாக் கையேடுகளுக்கும் அடிப்படை அதுதான். எனினும் அது நிபுணர்களுக்கான நூல். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் காட்டுப் பாதையில் நடக்க முடியாது.

கூட்டாக நடக்கும் பழக்கத்துக்கு அமைப்பு வடிவம் கொடுத்தது 1940-இல் தோன்றிய மலாயா இயற்கைக் கழகம். இன்றைய மலேசிய இயற்கைக் கழகம் அதுவே. நெகிரி செம்பிலானிலும் அதற்குக் கிளை உண்டு. தொடங்கியவர்களில் மூவரைக் குறிப்பிட வேண்டும்: வனவிலங்குக் காப்பாளர் ஷெபியர், காவல்துறை அதிகாரி கை மடோக், பேராக்கில் தோட்டத் துரையாக இருந்து பறவைக் கூடுகளையும் முட்டைகளையும் ஆராய்ந்த எட்கர். அதே ஆண்டில் கழகத்தின் ஆய்விதழும் வெளிவரத் தொடங்கியது. காடு, காவல், தோட்டம் என மூன்று துறைகளிலிருந்து வந்த இவர்களுக்குப் பொதுவானது ஒன்று உண்டு: வேலை நிமித்தமாகவே வெளியில் சுற்றும் உரிமையும், சுற்றியதை எழுதி வைக்கும் ஓய்வும். துரை பங்களாவின் முன்வாசலில் கேட்ட கூவல் ஆய்விதழில் குறிப்பாக ஏறியது. லயத்துப் பின்கட்டில் கேட்ட அதே கூவல் பேச்சோடு நின்றுவிட்டது.

அடுத்த இரண்டே ஆண்டில் போர் வந்தது. சாங்கிச் சிறையில் அடைபட்ட மடோக், பெரும்பாலும் நினைவிலிருந்தே மலாயாப் பறவைகளுக்கு ஓர் அறிமுக நூலை எழுதினார். கிடைத்த தாளில் தட்டச்சிட்டு அங்கேயே கட்டிய பிரதிதான் அதன் முதல் வடிவம். போருக்குப் பின் கழகம் அதை வெளியிட்டது. 1956-இல் திருத்திய பதிப்பும் வந்தது. எளிய நடையில், பொது வாசகரை எண்ணி எழுதப்பட்ட நூல் அது. அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. இவ்விரண்டையும் அருகருகே வைப்பது மடோக்கின் உழைப்பைக் குறைப்பதற்காக அன்று. ஒரே நிலத்தில் வாழ்ந்தவர்களில் யாருடைய அறிவு தாளில் ஏறித் தப்பியது, யாருடையது ஆளோடு போயிற்று என்பதைப் பார்க்காமல் இந்த வரலாற்றை எழுத முடியாது.

காட்டுக்குள் இயங்கிய கம்யூனிஸ்டுப் போராளிகளை ஒடுக்க 1948-இல் தொடங்கிய அவசரகாலம் காட்டோரத்தையே அச்சத்துக்குரிய இடமாக்கியது. ஊரடங்கு வந்தது, தோட்ட லயங்கள் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. 1960-இல் அவசரகாலம் முடிந்த பிறகே உல்லாசமாகக் காட்டுக்குள் நடப்பது பொதுமக்களுக்கு இயல்பான காரியம் ஆயிற்று.

இதற்கிடையே தோட்டங்கள் தமக்கென ஒரு பறவை உலகை உருவாக்கிவிட்டன. இதில் தமிழ் வாசகருக்கு நெருக்கமான கதை காக்கையுடையது. 19-ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி, காப்பிச் செடிகளைத் தின்ற புழுக்களை ஒழிப்பதற்காகக் கிள்ளான் வட்டாரத் தோட்டக்காரர்கள் இலங்கையிலிருந்து வீட்டுக் காக்கைகளைக் கப்பலில் வரவழைத்தார்கள். தோட்ட வேலைக்கு ஆள் கொண்டுவந்த அதே காலம். கடல் கடந்த காரணமும் அதே தோட்டம்தான். காப்பி போய் ரப்பர் வந்தது, காக்கை போகவில்லை. பல பத்தாண்டுகள் கிள்ளானை விட்டு அதிகம் நகராமல் இருந்து, பிறகு நகரங்கள்தோறும் பரவியது. காக்கை பெருகிய இடத்துக்கு அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் வந்தது. முன்பு பெரும்பாலும் குளிர்கால விருந்தாளியாக வந்துபோன குயில், 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கேயே தங்கி இனம் பெருக்கத் தொடங்கியது. நம் பழமொழிகள் ஜோடி சேர்த்த இரண்டு பறவைகள் இந்த மண்ணில் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேறின. எனக்கு இந்த வட்டாரத்துப் பறவை வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கூகையின் கதை வேறு. 1960-களின் இறுதிவரை தீபகற்பத்தில் அது அபூர்வப் பறவை. அந்தச் சமயத்தில்தான் ஜொகூர் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அது கூடு கட்டியது பதிவாயிற்று. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது எலி பெருகியது. எலியைத் தேடிக் கூகை வந்தது. பிறகு தோட்ட நிர்வாகங்களே கம்பங்களின்மேல் பெட்டிக் கூடுகள் வைத்து அதை வளர்த்தன. கூகையின் அலறலைக் கெட்ட சகுனமாகக் கேட்டு வளர்ந்த நம்மவர்கள், அதே பறவைக்கு வீடு கட்டிக் காக்கும் தோட்டங்களில் வேலை பார்த்தார்கள்.

ஆனால் இந்தக் குடியேறிகளை வைத்துத் தோட்டத்தைக் காட்டுக்கு ஈடாக எண்ணிவிடக் கூடாது. தென் தாய்லாந்தில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, காட்டை ரப்பராகவோ செம்பனையாகவோ மாற்றும்போது பறவை இனங்களில் பத்துக்கு ஆறு பங்கேனும் குறைந்துவிடுவதைக் காட்டியது. நெகிரி செம்பிலானில் இதன் மறுபக்கத்தைப் பாசோவில் காணலாம். ஜெலுபு மாவட்டத்தில், பெரும்பகுதி செம்பனையால் சூழப்பட்ட அந்தத் தாழ்நிலக் காடு, 1970-களின் தொடக்கத்தில் அனைத்துலக உயிரியல் திட்டத்தின் ஆய்வுக் களமாயிற்று. 1980-களின் நடுவில் அங்கே 50 ஹெக்டேர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரமும் அடையாளமிட்டுக் கணக்கெடுக்கப்பட்டது. கணக்கில் வந்தவை மூன்று லட்சத்துக்கும் மேல்; இனங்கள் எண்ணூறுக்கும் மேல். உலகெங்கும் பின்னர் அமைந்த பெருங்காட்டு ஆய்வுக் களங்களின் வரிசையில் முன்னோடியான ஒன்று, நம் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கழக நடைகளின் இயல்பைப் புரிந்துகொள்ள, சிரம்பானிலிருந்து கோலா பிலா சாலையில் சுமார் 16 கிலோமீட்டரில் உள்ள உலு பெண்டுல் காடு நல்ல இடம். 825 மீட்டர் உயர அங்சி மலைக்கு ஏறும் பாதை அங்கே தொடங்குகிறது. இத்தகைய காட்டில் தனியாக வரும் புதியவர் பச்சையைத் தவிர அதிகம் காணமாட்டார். பறவைகள் உச்சி விதானத்தில் இருக்கும். பல இனங்கள் ஒன்றாகத் திரண்டு சில நிமிடங்களில் கடந்துபோய்விடும். ஒரு சிலம்பனின் குரலை ஒருவர் பிடிப்பார், தீக்காக்கை அசையாமல் இருக்கும் கிளையை இன்னொருவர் காட்டுவார், நடத்திச் செல்பவர் பெயர் சொல்வார். பத்துப் பேரின் கண்ணும் காதும் சேர்ந்து ஒரு பட்டியல் உருவாகிறது. நூலறிவு இல்லாதவரின் கூர்ந்த காதுக்கும் இங்கே மதிப்பு உண்டு. அருங்காட்சியகக் காலத்தில் இல்லாத சமத்துவம் இது.

இந்த மாற்றத்துக்கு உதவிய நூல்களில் ஆலன் ஜெயராஜசிங்கத்தின் கையேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆலன் பியர்சனின் ஓவியங்களுடன் 1999-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்த அது, மேற்கு மலேசியா, சிங்கப்பூர்ப் பறவைகளை ஒரே நூலில் அடக்கியது. வெள்ளைக்கார அதிகாரிகளிடம் தொடங்கிய ஒரு துறையின் கையேட்டு அட்டையில், அறுபது ஆண்டுக்குள் உள்நாட்டவர் ஒருவரின் தமிழ்ப் பெயர் வந்தது.

2000 முதல் கழகம் நடத்திவரும் பருந்து நோக்கல் விழா, நடையை ஊர்த் திருவிழா அளவுக்கு விரித்தது. களம் தஞ்சோங் துவான். மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமானாலும் நிலவழியில் போர்ட் டிக்சனை ஒட்டிய முனை; 1921 முதல் காப்புக்காடு. சுமத்ராவின் ரூப்பாட் தீவு அங்கிருந்து ஏறக்குறைய 38 கிலோமீட்டர். கடல்மேல் வெப்பக் காற்று மேலெழாததால், மிதந்தே பயணம் செய்யும் பெரிய பருந்துகளுக்கு நீண்ட கடல்வழி ஆபத்து; நீரிணை குறுகும் இடத்தையே அவை தேடும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை வடக்கு நோக்கித் திரும்பும் தேன்பருந்துகள் களைத்துத் தாழ்வாகக் கரையேறி, கலங்கரை விளக்கத்துக்கு மேலே சூடான காற்றைப் பிடித்துச் சுழன்று எழும். அதனால்தான் அவற்றைச் சாதாரண மக்களும் அருகில் பார்க்க முடிகிறது. அவற்றுள் சில ஜப்பான்வரை போகின்றன என்பதைச் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. இதைக் காண அதிகாலையில் எழவேண்டியதும் இல்லை. வெயில் ஏறி, காற்று சூடான பிறகே கூட்டம் வரும். குழந்தைகளோடு குடும்பமாகப் போகலாம்.

1991-இல் தொடங்கிய பள்ளி இயற்கை மன்றங்களும், 2010-இல் தொடங்கிய வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பும் இதே திசையில் வந்தவை. இரண்டாவதற்குக் காரோ விலையுயர்ந்த தொலைநோக்கியோ கட்டாயம் இல்லை. வாசலில் நின்று வரும் பறவைகளை எண்ணினால் போதும். தோட்டங்கள் விற்கப்பட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் வாசலில் வருபவை காக்கை, மைனா, குயில், சின்னான். பால்வெட்டுக் காலத்து நினைவுள்ள பெரியவர்களை இந்தக் கணக்கெடுப்பில் சேர்த்து, அவர்கள் எந்தத் தோட்டத்தில், எந்தக் காலத்தில், எந்தப் பறவையைக் கேட்டார்கள் என்பதையும் உடன் எழுதி வாங்க வேண்டும். ரப்பர் செம்பனையாக மாறியபோது எது போயிற்று, எது வந்தது என்பதை நிரையில் நின்று பார்த்தவர்கள் அவர்களே.