மருதாணி (ஒப்பனைப் பொருள்)

மருதாணி அல்லது மருதோன்றி என்பது கை கால்களுக்கும் நகங்களுக்கும் தலைமுடிக்கும் செந்நிறம் ஊட்டப் பயன்படும் இயற்கைச் சாயம் ஆகும். மருதாணிச் செடியின் இலையைப் பச்சையாக அரைத்தோ, உலர்த்திப் பொடியாக்கிப் பின் குழைத்தோ இது ஆக்கப்படுகின்றது. தோல், முடி, நகம் ஆகிய மூன்றிலும் ஒருசேரப் பற்றும் ஒப்பனைப் பொருட்கள் மிகச் சிலவே. தற்காலத்தில் மருதாணி என்ற பெயரில் விற்கப்படும் கலவைகள் சிலவற்றில் இலையின் சாயத்தோடு, அல்லது அதற்குப் பதிலாக, செயற்கைச் சாயம் கலந்துள்ளது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது பயன்படுத்துவோருக்கு இன்றியமையாதது.

பெயர்

மருதோன்றி என்ற பெயரே பேச்சு வழக்கில் மருதாணி எனத் திரிந்தது. சித்த மருத்துவத்தில் அழவணம், ஐவணம் என்ற பெயர்களும் வழங்குகின்றன. இந்தியில் மெஹந்தி என்றும், அரபியில் ஹின்னா என்றும் அழைப்பர். தமிழகக் கடைகளில் இன்று 'மருதாணி' என்றால் இலையையும் அரைத்த விழுதையும், 'மெஹந்தி' என்றால் கூம்பில் அடைத்த பசையையும் குறிப்பதாக ஒரு வேறுபாடு தோன்றியிருக்கின்றது. தாவரவியலில் இரண்டும் ஒன்றே. இதன் அறிவியற் பெயர் லாசோனியா இனெர்மிஸ். ஐசக் லாசன் என்னும் இசுக்காட்லாந்து மருத்துவரின் நினைவாக லின்னேயஸ் இப்பெயரை இட்டார்.

செடி

மருதாணி வறட்சியைத் தாங்கும் புதர்ச்செடி ஆகும். மழை குறைந்த கொங்கு நாட்டு மண்ணிலும் நன்கு வளரும். வீட்டு வேலியோரங்களில் இதைக் காணலாம். வெண்ணிறமான சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும்; மணம் மிக்க இப்பூக்களிலிருந்து அத்தர் எடுக்கப்படுகின்றது. வணிகப் பயிராக இது பெருமளவில் விளைவது இராஜஸ்தான் மாநிலத்தின் பாலி மாவட்டத்திலுள்ள சோஜத் பகுதியிலாகும். சோஜத் மருதாணிக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

நிறம் பற்றும் முறை

இலையின் சாயப்பொருள் லாசோன் எனப்படும். உலர்ந்த இலையில் இது ஏறத்தாழ 0.5 முதல் 1.5 விழுக்காடு வரை உள்ளது. இலையை அரைக்கும்போது விடுபடும் லாசோன், தோல், முடி, நகம் ஆகியவற்றின் பொதுப் புரதமான கெரட்டினுடன் வேதிப் பிணைப்பு கொள்கின்றது. எனவே இது மேலே படியும் பூச்சு அன்று. திசுவோடு ஒன்றிவிடும் சாயம். எலுமிச்சைச் சாறு, புளி போன்ற புளிப்புப் பொருட்களைச் சேர்ப்பது லாசோன் நன்கு விடுபடவும் நிலைத்திருக்கவும் உதவுகின்றது.

விழுதை எடுத்தவுடன் தெரிவது செம்மஞ்சள் நிறமே. அது ஓரிரு நாட்களில் காற்றுப்பட்டு அடர்ந்து செம்பழுப்பாகும். உள்ளங்கையில் நன்கு சிவந்தவருக்குப் பித்த உடம்பு என்றும், அவர்மீது கணவருக்கு அன்பு மிகுதி என்றும் சொல்வதுண்டு. உள்ளங்கையிலும் பாதத்திலும் மேல்தோலின் இறந்த அடுக்கு தடித்திருப்பதால் அங்கு சாயம் மிகுதியாகப் பற்றுகின்றது என்பதே அறிவியல் விளக்கம். புறங்கையில் அதே விழுது வெளிறித் தெரிவதற்கும் இதுவே காரணம். இறந்த அடுக்கு உதிர உதிர நிறமும் மங்கி, ஒன்று முதல் மூன்று வாரங்களில் மறைந்துவிடும்.

கையில் இடுதல்

தமிழகத்தின் பழைய முறையில் நுண்ணிய கோலங்கள் இல்லை. உள்ளங்கை நடுவில் ஒரு பெரிய வட்டம், அதைச் சுற்றிச் சிறு பொட்டுகள், விரல் நுனிகளில் நகம் மூடும்படி தொப்பி போன்ற பூச்சு, இவ்வளவே. அம்மியில் இலையோடு கொட்டைப்பாக்கு, புளி, கிராம்பு போன்றவற்றை வீட்டுக்கு வீடு வெவ்வேறாகச் சேர்த்து அரைப்பர். இரவில் இட்டு, காலையில் உதிர்த்துத் தேங்காய் எண்ணெய் தடவுவர். ஆடி மாதத்தில் மருதாணி இடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. கூம்பால் பூவும் கொடியும் வரையும் வடநாட்டு, அரபு முறைகள் பிற்பாடு பரவின. இப்போது தமிழகத் திருமணங்களில் அவையே மிகுதி.

தலைமுடி

நரைமுடியில் மருதாணி மட்டும் இட்டால் செம்மஞ்சள் நிறமே கிட்டும். கருமுடியில் வெயிலில் தெரியும் ஒரு செம்மை மட்டுமே உண்டாகும். மருதாணியால் முடியை வெளிறச் செய்ய இயலாது. இலையைக் கொண்டே கருமை பெற வேண்டுமாயின் மருதாணிக்குப் பின் அவுரி இலைப்பொடியை இட வேண்டும். நீலச்சாயம் எடுக்கப்படும் அதே அவுரிதான் இது. செம்மைமேல் நீலம் சேர்ந்து கரும்பழுப்பு அல்லது கருநிறம் தரும். அவுரியில் எலுமிச்சை சேர்ப்பதில்லை. குழைத்துச் சிறிது நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். இரண்டு கட்டமாக, பல மணி நேரம் பிடிக்கும் வேலை இது. ஒரே பூச்சில் அரை மணிக்குள் கருமை தரும் 'மருதாணிப் பொடி' ஏதேனும் கிடைத்தால் அதன் உறையிலுள்ள பொருட்பட்டியலைப் படிப்பது நல்லது.

நகம்

நகப்பூச்சும் மருதாணியும் ஒரே இடத்தை அழகுபடுத்தினாலும் முற்றிலும் வேறானவை. நகப்பூச்சு என்பது நைட்ரோசெல்லுலோசு என்னும் படலப்பொருளைக் கரைப்பான்களில் கரைத்து நிறமி சேர்த்த மெருகெண்ணெய். மோட்டார் வண்டி வண்ணப்பூச்சின் நெருங்கிய உறவு. 1932இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ரெவ்லான் நிறுவனம் முதலில் விற்றது நகப்பூச்சே. அசிட்டோன் தொட்டால் இப்படலம் கரைந்துவிடும். மருதாணியோ நகத்தினுள் ஊறிவிடுவதால் எதனாலும் எளிதில் நீங்காது. கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கின்றது. எனவே முழு நகமும் புதிதாக வர ஆறு மாதங்கள் வரை ஆகும். அதுவரை சிவப்புப் பிறை மெல்ல மேலேறிக்கொண்டிருக்கும்.

படலம் இல்லாமை சமய வழக்கிலும் கருதப்படுகின்றது. தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவும்போது நகப்பூச்சு நீரைத் தடுக்கும், மருதாணி தடுக்காது என்பதால் இசுலாமிய அறிஞர்கள் இரண்டையும் வேறுபடுத்துவர். மருத்துவமனையில் விரலில் மாட்டி இரத்த ஆக்சிசனை அளக்கும் கருவி ஒளியைக் கொண்டு இயங்குவது. அடர்நிற நகப்பூச்சோ கருமையான மருதாணியோ அதன் அளவீட்டைக் குலைக்கக்கூடும். அறுவை மருத்துவத்திற்கு முன் நகப்பூச்சை அகற்றச் சொல்வர். மருதாணியை அகற்ற இயலாததால் கருவியை வேறு விரலிலோ காதுமடலிலோ பொருத்த நேரிடலாம்.

கறுப்பு மருதாணி

கறுப்பு மருதாணி என்றொரு செடி இல்லை. அப்பெயரில் தோலில் இடப்படும் பசைகளில் பெரும்பாலும் இருப்பது பாரா-பீனைலீன்டையமீன் (சுருக்கமாகப் பி.பி.டி) என்னும் நிலக்கரித்தார் வழிச் சாயப்பொருள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து முடிச்சாயங்களில் இது பயன்பட்டு வருகின்றது. முடிச்சாயத்தில் அளவு வரையறுக்கப்பட்டு, சிறிது நேரத்தில் கழுவப்படுகின்றது. கையில் வரையும் பசையிலோ அளவுக்குக் கணக்கில்லை. மணிக்கணக்கில் தோலோடு ஒட்டியிருக்கின்றது.

முதல் முறை இடும்போது பலருக்கு ஒன்றும் நேர்வதில்லை. சிலருக்கு ஓரிரு வாரங்களில் அரிப்பும், வரைந்த கோலத்தின் வடிவிலேயே கொப்புளங்களும் எழும். ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால் அது பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். அடுத்த முறை ஓரிரு நாட்களிலேயே, மேலும் கடுமையாகத் தோன்றும். பத்து வயதில் திருவிழாக் கடையில் கைக்கு இட்டுக்கொண்ட சிறுமி, நாற்பது வயதில் முதன்முதலாக நரைக்குச் சாயமிடும்போது முகம் வீங்க நேரிடலாம். பலரும் அப்போது பழைய கோலத்தை நினைப்பதில்லை.

பி.பி.டி உள்ள முடிச்சாயங்களின் உறையில், தோலில் எரிச்சல் உண்டாகலாம் என்றும், முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும், புருவத்திற்கும் இமைமயிருக்கும் பயன்படுத்தலாகாது என்றும் எச்சரிக்கை அச்சிடுவதை இந்திய விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. கையால் அடைத்து விற்கும் கூம்புகளில் பெரும்பாலும் எந்தக் குறிப்பும் இருப்பதில்லை.

கலப்பை உணர்த்தும் அறிகுறிகள் சில உள்ளன. இலை விழுது பச்சையும் பழுப்புமாக, இலை மணத்தோடு இருக்கும். கருங்குழம்பாக இருப்பதும் மண்ணெண்ணெய் வாடை வீசுவதும் ஐயத்திற்குரியவை. இலைச்சாயம் பற்றச் சில மணி நேரமாவது வேண்டும். கால் மணியில் பற்றினால் அது இலையின் வேலை அன்று. தூய விழுது அறை வெப்பத்தில் சில நாட்களிலேயே வலுவிழக்கும். மாதக்கணக்கில் கடைப்பலகையில் கிடந்த கூம்பு புதிதுபோல் சிவந்தால் அதில் வேறு ஏதோ சேர்ந்துள்ளது என்று கொள்ளலாம்.

குழந்தைகள்

தூய மருதாணியும் எல்லோருக்கும் ஏற்றதன்று. ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களின் சிவப்பணுக்களை லாசோன் சிதைக்கக்கூடும். கைக்குழந்தைகளுக்கு உடல் பரப்பில் பெரும்பகுதி பூசும்போது இடர் மிகுதி. மஞ்சள் காமாலை, வெளிறுதல், சிறுநீர் கருத்துப் போதல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருதாணி இட்டதையும் சொல்ல வேண்டும். இக்குறைபாடு இருப்பது பெற்றோருக்குத் தெரியாமலே இருக்கலாம் என்பதால் கைக்குழந்தைகளுக்கு இடாமலிருப்பதே பாதுகாப்பு.

துணிச்சாயத்துடன் தொடர்பு

கம்பளியும் பட்டும் புரத இழைகள். அவற்றில் மருதாணி நன்கு பற்றும். பருத்தியோ செல்லுலோசு இழை. நிறமூன்றிகள் இன்றி அதில் மருதாணி சரிவரப் பிடிக்காது. பருத்திப் பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூரில் துணிக்கு முதன்மையாகப் பயன்படுவது செல்லுலோசுடன் பிணையும் வினைச்சாயங்களே. நொய்யல் மாசு தொடர்பாக 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அதற்குப் பின் இயற்கைச் சாயம் பற்றிய பேச்சு மிகுந்தாலும், பெருமளவுப் பருத்தி உற்பத்திக்கு மருதாணி ஈடாகாததற்கு இந்த வேதியியல் ஒரு காரணம்.

பி.பி.டி ஒவ்வாமை கொண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு அதையொத்த அமைப்புடைய பொருட்களாலும் ஒவ்வாமை எழும். உணர்விழப்பு மருந்தான பென்சோகெயினும், செயற்கை இழைகளுக்கு ஏற்றும் விரவற் சாயங்களுள் சிலவும் இவ்வகையின. இவ்விரவற் சாயங்கள் பாலியெஸ்டருக்கு உரியவை, பருத்திக்கு அல்ல. ஆகவே கறுப்புக் கோலத்தால் ஒருமுறை புண்பட்டவருக்குப் பின்னாளில் இறுக்கமான கருநிற பாலியெஸ்டர் ஆடையால் அக்குளிலும் தொடையிலும் தடிப்புத் தோன்றினால், தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்து காரணத்தை அறிவார். வெளிர்நிறப் பருத்தி ஆடைக்கு மாறும்படி அத்தகையோருக்குப் பொதுவாக அறிவுறுத்தப்படுகின்றது.